சென்டர் வீட்டம்மா வாங்கின சத்தியம்

உள்ள வா ஷர்மிளா. அந்த நாற்காலி வேணாம், இதுல உக்காரு. ராத்திரி பூரா ஆஸ்பத்திரியிலதான் இருந்தியா? கண்ணு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. டிகாஷன் இறக்கி வெச்சிருக்கேன், காப்பி தரேன், குடிச்சுட்டுப் பேசு. விடியக்காலைல வந்து கதவைத் தட்டிட்டோமேன்னு சங்கடப்படாத. நான் அஞ்சரைக்கே எந்திரிச்சிருவேன். எந்திரிச்சிருவேன்னா, எழுப்பி விட்டுரும். அதை அப்புறம் சொல்றேன்.

உன் வீட்டுக்காரரு வாலிபால் ஆடுற எடத்துல மயங்கி விழுந்தாருன்னு ஞாயித்துக்கிழமையே பால்காரரு சொல்லிட்டாரு. முப்பத்தொன்பது வயசுன்னு சொன்னாரு. எதிர்வீட்டு கோமதிதானே உன்னை இங்க அனுப்புனா? "சென்டர் வீட்டம்மாகிட்ட போ, புருஷனை ஒரே நாள்ல ஆட்டத்துலேர்ந்து நிறுத்துனவங்க"ன்னு சொல்லியிருப்பா. ஊருக்கே தெரிஞ்ச கதைதான். எப்படி நிறுத்துனேன்னு கேக்கத்தானே வந்திருக்க? சொல்றேன். எனக்கு ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு.

சக்கரை போதுமா பாரு.

எங்க வீட்டுக்காரரு பேரை நான் சொல்ல மாட்டேன், பழக்கமில்ல. ஊர்ல எல்லாரும் சென்டர்னுதான் கூப்பிடுவாங்க. பூப்பந்து பார்த்திருக்கியா? ஷட்டில் இல்ல. மஞ்சக் கம்பளி நூல்ல சுத்தின பந்து, எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெருசு. ஒரு பக்கத்துக்கு அஞ்சு பேரு. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, நடுவுல ஒருத்தர். அந்த நடு ஆள்தான் சென்டர். முன்னாடி விட்டதும் அவருக்கு, பின்னாடி எட்டாததும் அவருக்கு. இருவத்தெட்டு வருஷம் அந்த எடத்துல நின்னாரு. நம்ம கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கிரவுண்டு. உதயம் பூப்பந்துக் கழகம்னு போர்டு இருக்கும். நீ இந்தத் தெருவுக்கு வர்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டாங்க. இப்ப பந்தல்காரன் கம்பும் தகரமும் அடுக்கி வெச்சிருக்கானே, அந்த எடம்.

தினம் விடியக்காலைல அஞ்சேகாலுக்கு எந்திரிப்பாரு. மழை பேஞ்சாலும் எந்திரிச்சுப் போயி தரையை மிதிச்சுப் பார்த்துட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவாரு. மழை இல்லாத நாளு, அஞ்சரைக்கு மொத பந்து. பொத்துன்னு ஒரு சத்தம். கிரிக்கெட் பந்து மாதிரி இல்ல, அதட்டாது. நான் அடுப்படில நின்னுக்கிட்டு அந்த சத்தத்துலயே யாரு அடிக்கிறதுன்னு சொல்லுவேன். கறிக்கடை சலீம் பாய் அடிச்சா கனமா கேக்கும். டிராயிங் வாத்தியார் மரியதாஸ் அடிச்சா தொட்ட மாதிரிதான் இருக்கும். இவரு அடிச்சா... சொல்லத் தெரியல. இவரு அடிச்சா எனக்குத் தெரிஞ்சுரும்.

தாலுகா ஆபீஸ்ல ரெக்கார்டு கிளார்க்கு. ஆபீஸ்ல இப்படி ஒருத்தர் இருக்காருன்னே பாதிப் பேருக்குத் தெரியாது. வீட்லயும் அப்படித்தான். குழம்புல உப்பு இல்லேன்னாலும் சாப்பிட்டு எந்திரிச்சுருவாரு. என் மாமியார் என்னைப் படுத்துனப்பகூட ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆனா கிரவுண்டுல ஒரு குரல் குடுப்பாரு பாரு. "விடு, என்னோடது!"ன்னு. பந்து யாருக்குன்னு சந்தேகம் வந்துரக்கூடாதுல்ல, அதுக்காக. நாலு தெருவுக்குக் கேக்கும். தாசில்தார் ஒருத்தர் வந்து ஆடுவாரு, அவரையே, "தள்ளு, என்னோடது!"ன்னு ஒதுக்கிட்டு அடிப்பாரு. காலைல பத்து மணிக்கு அதே தாசில்தார் முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு.

கல்யாணமாகி மூணாம் நாளு, இந்தக் கொல்லைல பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருக்கேன், அந்தக் குரலைக் கேட்டேன். யாரோ வேற ஆளுன்னு நினைச்சேன். எங்க மாமியார்தான், "உன் புருஷந்தாண்டி"ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. எனக்கு அன்னைக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. என்னைக்காவது ஒரு நாள் அந்தக் குரல்ல என்னைக் கூப்பிடுவாருன்னு இருந்தேன். சின்ன வயசு பாரு, என்னென்னமோ தோணும். அதெல்லாம் ஒண்ணும் இல்ல, அது சும்மா. விடு.

ஆடிட்டு வர்றப்ப பார்க்கணும். பனியன் நனைஞ்சு ஒட்டியிருக்கும், முட்டில கோடு போட்ட சுண்ணாம்பு, முகம் சிவந்து கெடக்கும். பாத்ரூம்ல பாட்டு. எட்டு இட்லி. அந்த ஒரு மணி நேரம்தான் என்கிட்ட பேசுவாரு. "மரியதாஸ் இன்னைக்கு ஒரு பந்து எடுத்தான் பாரு, படுத்துக்கிட்டே எடுத்தான்"னு. எனக்கு அது ஒண்ணும் புரியாது. இருந்தாலும் இட்லியை எடுத்து வெச்சுக்கிட்டே உம் கொட்டுவேன். ஆபீஸ் சட்டையைப் போட்டதும் அந்தப் பேச்சு நின்னுரும்.

அந்த மரியதாஸ் வாத்தியார்தான் பதினாலு வருஷத்துக்கு முன்னாடி கிரவுண்டுலயே போயிட்டாரு. கீழ கெடந்த பந்தை எடுக்கக் குனிஞ்சவரு எந்திரிக்கல. இவரு ஓடிப் போயி மடில போட்டுக்கிட்டு நெஞ்சை நெஞ்சை அமுக்கியிருக்காரு. நான் சுவத்து மேல எட்டிப் பார்த்தேன். அது ஒரு பக்கம் கெடந்தது, அந்த மஞ்சப் பந்து. எல்லாரும் ஓடுறாங்க, ஒருத்தரும் அதை மிதிக்கல. எனக்கு அவரு முகம்கூட ஞாபகம் இல்ல ஷர்மிளா, அந்தப் பந்துதான் ஞாபகம் இருக்கு. நம்மாளுக்கு அப்ப அம்பத்திரெண்டு வயசு. வாத்தியாருக்கும் அதே வயசுதான்.

உனக்கு இப்ப எப்படி இருக்கோ, அப்படித்தான் இருந்துச்சு எனக்கு. சோறு எறங்கல. படுத்தா, அவரு மூச்சு விடுறாரான்னு விரலை வெச்சுப் பார்ப்பேன்.

மறுநாளே டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். கலியபெருமாள் டாக்டர், ரொம்ப நல்ல மனுஷன். இப்ப சென்னைல மகன்கூட இருக்காரு. ஈ.சி.ஜி. எடுத்தாங்க, ரத்தம் எடுத்தாங்க, தஞ்சாவூருக்கு அனுப்பி மிஷின்ல ஓட விட்டுப் பார்த்தாங்க. ரிப்போர்ட்டு வாங்குற அன்னைக்கு வாத்தியார் வீட்ல ஜெபம் வெச்சிருந்தாங்க. இவரு அங்க போயிட்டாரு. நான் மட்டும்தான் டாக்டர்கிட்ட போனேன்.

வந்தேன். அவரும் வந்தாரு. "டாக்டர் என்ன சொன்னாரு?"ன்னு கேட்டாரு. "இனிமே ஆடவே கூடாதுன்னு சொல்லிட்டாரு"ன்னேன்.

சிரிச்சாரு. "மெதுவா ஆடுறேன்"னாரு. அப்பதான் தெரிஞ்சுச்சு, சொல்லி ஆகாதுன்னு. இவரு பேச்சுக்கு மசியற ஆளில்ல. ஆனா சத்தியத்துக்குப் பயப்படுவாரு. அவங்க அப்பா ஏதோ பொய் சத்தியம் பண்ணித்தான் இவரு தங்கச்சி ஒண்ணு செத்துப் போச்சுன்னு அவங்க வீட்ல ஒரு பேச்சு உண்டு. அது எனக்குத் தெரியும். இந்துவைக் கூப்பிட்டேன். இந்துமதி, எங்க பொண்ணு. அப்ப பத்தாவது படிக்குது. கைல புஸ்தகத்தோட வந்து நின்னுச்சு. சாமி மாடத்துல கற்பூரம் ஏத்துனேன். "இவ தலைல கை வெச்சு சொல்லுங்க. பேட்டையும் பந்தையும் இனிமே தொட மாட்டேன்னு சொல்லுங்க"ன்னேன்.

பொண்ணு என்னைப் பார்க்குது, அப்பாவைப் பார்க்குது. கற்பூரம் பாதி எரிஞ்சிருச்சு. நான் அழுதேன். நடிப்பில்லம்மா, நெஜமாவே அழுதேன். அவரு கையைத் தூக்கி வெச்சாரு. சொன்னாரு. கற்பூரம் அணையிறதுக்குள்ள சொல்லிட்டாரு.

அவ்வளவுதான். ஒரே நாளு. பேட்டை நானே கொண்டு போயி கிளப்புல சலீம் பாய்கிட்ட குடுத்துட்டேன். "நல்ல காரியம் பண்ணீங்க தங்கச்சி"ன்னு பாய் சொன்னாரு. கண்ணைத் தொடைச்சுக்கிட்டேதான் சொன்னாரு. ஊர்ல எல்லாருமே அப்படித்தான் சொன்னாங்க. மரியதாஸ் வாத்தியார் சம்சாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "எனக்கு இந்த புத்தி வரலியேக்கா"ன்னு அழுதுச்சு. வேற என்ன வேணும் சொல்லு.

பதினோரு வருஷம் காப்பாத்துனேன். பதினோரு வருஷம்! ஒரு நாள் கால் தடுக்கினது கிடையாது, ஒரு அடி கிடையாது. பூ மாதிரி வெச்சுக்கிட்டேன். இந்த ஹால்ல, நான் உன்னை உக்கார வேணாம்னு சொன்னேனே, அந்த நாற்காலில உக்காந்திருப்பாரு. டிவி ஓடிக்கிட்டிருக்கும். பார்க்கிறாரா இல்லியான்னு தெரியாது.

சத்தியத்தைக் காப்பாத்துனாரு பாரு, அந்த மாதிரி யாரும் காப்பாத்த முடியாது. கிரவுண்டுலேர்ந்து அப்பப்ப பந்து நம்ம கொல்லைல வந்து விழும். முந்தியெல்லாம் அவரே எடுத்துத் தூக்கிப் போடுவாரு. சத்தியத்துக்கு அப்புறம் தொட மாட்டாரு. பக்கத்துல போயி நின்னுக்கிட்டு, "பந்து கெடக்கு, வந்து எடுத்துப் போடு"ன்னு என்னைக் கூப்பிடுவாரு. அடுப்புல என்ன இருந்தாலும் இறக்கி வெச்சுட்டு வருவேன். நான் எறிஞ்சா சுவத்தைத் தாண்டாது. முருங்கை மரத்துல போயி மாட்டும். "கீழேர்ந்து வீசு. மணிக்கட்டைத் திருப்பு"ன்னு சொல்லிக் குடுப்பாரு. அவரு கை தன்னால திரும்பும், வெறுங்கையா. நான் ரெண்டாவது தடவை வீசுவேன். அந்தப் பக்கத்துலேர்ந்து, "தேங்க்ஸ் சென்டர்!"னு கத்துவாங்க. இவரு உள்ள போயிருவாரு.

அப்புறம் எனக்கே நல்லா வீச வந்துருச்சு. சுவத்தைத் தாண்டிப் போறதைப் பார்த்துட்டு, "பரவால்லியே"ன்னு சொன்னாரு ஒரு நாளு. அன்னைக்கு பூரா எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. ஏன்னு தெரியல.

அஞ்சேகாலுக்கு முழிப்பு மட்டும் நிக்கல. எந்திரிச்சு கட்டில் ஓரத்துல உக்காந்திருப்பாரு. லைட் போட மாட்டாரு. மொத பந்து சத்தம் கேக்கும். கழுத்தை லேசாத் திருப்புவாரு, பந்து போற பக்கம். அப்புறம் இந்தப் பக்கம். நான் தூங்குற மாதிரி படுத்துக்கிட்டு பார்ப்பேன். வாக்கிங் போங்களேன்னு சொன்னேன். ரெண்டு நாள் போனாரு. "எங்க போறதுன்னு தெரியாம நடக்குறது கஷ்டமா இருக்கு"ன்னு விட்டுட்டாரு. வயிறு போட்டுச்சு. சக்கரை வந்துச்சு. எட்டு இட்லி மூணு ஆச்சு. காலைல பேசுற பேச்சும் போச்சு. பந்து எடுத்ததைத்தானே பேசுவாரு, அது இல்லேன்னா என்னத்தைப் பேசுவாரு. வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே இதெல்லாம். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

ஏன்மா அப்படிப் பார்க்குற?

டாக்டரா? டாக்டர் என்ன சொன்னாருன்னுதான் சொன்னேனே.

சரி. நீயும் ஒரு பொம்பளை, உனக்குப் புரியும். யார்கிட்டயும் சொல்லிக்காத. டாக்டர் அப்படிச் சொல்லல. "கொஞ்சம் பிரஷர் இருக்கு, மாத்திரை எழுதியிருக்கேன். இதயம் குதிரை மாதிரி இருக்கும்மா. ஆடுறதை மட்டும் நிறுத்திராதீங்க, அதுதான் அவரை வெச்சிருக்கு"ன்னு சொன்னாரு. சீட்டுலயே எழுதிக் குடுத்தாரு, வழக்கம்போல ஆடலாம்னு, இங்கிலீஷ்ல, கையெழுத்துப் போட்டு. நான் சீட்டை மடிச்சு ரவிக்கைக்குள்ள வெச்சுக்கிட்டு வெளிய வந்தேன். வர்ற வழியெல்லாம் யோசிச்சேன். வாத்தியாருக்கும் யாராவது டாக்டர் இப்படித்தானே சொல்லியிருப்பாங்க? டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிருவாரு. தாலி என்னுதுல்ல. தப்பா சொல்லு?

தப்புன்னா தப்புன்னு சொல்லு, எனக்கொண்ணும் இல்ல.

நாலு வருஷம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கிட்டுத் திரும்புறேன், கலியபெருமாள் டாக்டர் நிக்கிறாரு. "என்ன சென்டர், தொப்பை வந்துருச்சு? ஆடுறீங்கதானே? அன்னைக்கே உங்க சம்சாரத்துக்கிட்ட சொல்லி அனுப்புனேனே, நிறுத்திராதீங்கன்னு"ன்னாரு.

என் கைல இருந்த பை நழுவிருச்சு. தேங்காய் உருண்டு போச்சு. இவரு என்னைப் பார்த்தாரு. ஒரே ஒரு பார்வை. திட்டுற பார்வை இல்லம்மா. கோவமும் இல்ல. என்னமோ ரொம்ப நாளா தேடுன சாமானு நம்ம வீட்டுப் பரண்லயே இருந்தா பார்ப்போம்ல, அப்படிப் பார்த்தாரு. அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பி, "சொன்னா டாக்டர், சொன்னா. எனக்குத்தான் முட்டி வலி. நானா விட்டுட்டேன்"னாரு. போயி அந்தத் தேங்காயை எடுத்துட்டு வந்து என் பைல போட்டாரு.

பஸ்ல பக்கத்துல உக்காந்து வந்தோம். இப்பக் கேப்பாரு, இப்பக் கேப்பாருன்னு பார்க்கிறேன். முக்கால் மணி நேரம். ஜன்னல் பக்கம் திரும்பி உக்காந்துட்டாரு. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டி ஆணில மாட்டுனாரு. "கொஞ்சம் தண்ணி குடு"ன்னாரு. குடிச்சாரு. படுத்துட்டாரு.

மறுநாள் அஞ்சேகாலுக்கு எந்திரிச்சாரு. இன்னைக்குக் கிளம்பிருவாரு, போகட்டும், நான் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னு படுத்திருக்கேன். பொத்துன்னு கேட்டுச்சு. கழுத்தைத் திருப்புனாரு. அப்படியே உக்காந்திருந்தாரு.

அப்புறம் ஏழு வருஷம் ஷர்மிளா. ஏழு வருஷம் என்னை அதைப் பத்திக் கேக்கல. பந்து வந்து விழுந்தா முன்ன மாதிரியே, "வந்து எடுத்துப் போடு"ன்னுதான் கூப்பிடுவாரு. நானும் போயி எடுத்துப் போடுவேன். அவருக்கே ஆட்டத்துல இஷ்டம் விட்டுப் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். இல்லேன்னா கேட்டிருப்பாருல்ல? மனுஷனுக்கு ஆத்திரம் வந்திருக்கும்ல? நீயா இருந்தா கேட்டிருக்க மாட்ட?

மூணு வருஷத்துக்கு முன்னாடி, இதே மாதிரி ஒரு விடியக்காலைல போயிட்டாரு. கட்டில்லேர்ந்து எந்திரிச்சு வந்து அந்த நாற்காலில உக்காந்திருக்காரு. காப்பி எடுத்துட்டு வந்து கூப்பிட்டேன், பதிலில்ல. அறுபத்துமூணு வயசு. சுவத்துக்கு அந்தப் பக்கம் ஆட்டம் நடந்துக்கிட்டேதான் இருந்துச்சு. நான் கத்துன சத்தத்துலதான் நின்னுச்சு. மாரடைப்புதான். உக்காந்த எடத்துல, ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருந்த எடத்துல. கிரவுண்டுல போகாம வீட்ல போனாருல்ல, அதுவரைக்கும் நான் ஜெயிச்சேன்.

எடுக்குற நேரத்துல கிளப்புக்காரங்க வந்தாங்க. சலீம் பாய் கைல பேட்டு. பதினோரு வருஷமும் அதுல கட்டுற நரம்பை மாத்தி, எண்ணெய் போட்டு வெச்சிருந்தாங்களாம், என்னைக்காவது வருவாருன்னு. "தங்கச்சி, இதை அவரு கூட வெச்சு அனுப்பணும்"னு கேட்டாரு. நான் பாய்ஞ்சு போயி தடுத்துட்டேன். "வேணாம் பாய், வேணாம், பொண்ணு தலைல சத்தியம் இருக்கு. அவரு மேல படக்கூடாது"ன்னு கத்துறேன். எல்லாரும் என்னைப் பார்க்குறாங்க. செத்தவருக்கு என்ன சத்தியம்னு உனக்குத் தோணும். எனக்குத் தோணல. அவரு தொட்டா இந்துவுக்கு ஆகாது, அது ஒண்ணுதான் மண்டைக்குள்ள இருந்துச்சு.

இந்து அப்ப உள்ள பீரோவுல ஆதார் கார்டு தேடிக்கிட்டு இருந்தா. மயானத்துல கேக்குறாங்கன்னு சொன்னாங்க. வெளிய வந்தா. கைல ஆதார் இருந்துச்சு. கூட ஒரு சீட்டும் இருந்துச்சு. பீரோத் தட்டுல விரிச்ச பேப்பருக்கு அடியில வெச்சிருந்தேன் அதை. ஏன் கிழிச்சுப் போடலேன்னு கேக்காத, எனக்கே தெரியாது. என் முகத்தைப் பார்த்தா. அவங்க அப்பா பார்த்த அதே பார்வை. பாய்கிட்ட திரும்பி, "என் தலைதானே அங்கிள்? நான் சொல்றேன், வைங்க"ன்னா. அவளே வாங்கி, அப்பா வலது கையை ஒட்டி வெச்சா. வந்தவங்க எல்லாம், அப்பா மேல பொண்ணுக்கு எவ்வளவு பாசம்னு அழுதாங்க.

பதினாறாம் நாள் முடிஞ்சு பெங்களூருக்குக் கிளம்புறப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டா. "பொய்தான் சொன்ன, சரி. என் தலையை எதுக்கும்மா எடுத்த?"ன்னு. அதுக்கு நான், "உனக்கு நல்லதுக்குத்தாண்டி"ன்னேன். என்ன சொன்னேன்னு எனக்கே புரியல.

இப்ப சொல்றேன், எது என்னை எழுப்புதுன்னு. கிரவுண்டை எடுத்து ரெண்டு வருஷமாச்சு. அங்க கம்பும் தகரமும்தான் கெடக்கு. ஆனா அஞ்சரைக்குக் கேக்குது ஷர்மிளா. பொத்து... பொத்துன்னு. காது டாக்டர்கிட்ட காட்டிட்டேன், ஒண்ணுமில்லைன்னுட்டாரு. எந்திரிச்சுப் போயி சுவத்து மேல எட்டிப் பார்ப்பேன். யாரும் இல்ல. தகரத்து மேல பனி. திரும்பி வந்து படுத்தா மறுபடியும் கேக்கும். பாயோடது இல்ல, வாத்தியாரோடது இல்ல. யாரு அடிக்கிறதுன்னு எனக்குத் தெரியும்.

அதுகூடப் பரவால்ல. அந்த நேரத்துல பயம் வந்துரும். சத்தியம் உடைஞ்சு போச்சே, பேட்டு அவரு கைல பட்டுருச்சே, பொண்ணுக்கு என்னமாவது ஆயிருமோன்னு. உடனே போன் போடுவேன். எடுக்க மாட்டா. அந்த நேரத்துல அவ ஓடிக்கிட்டு இருப்பா. தினம் காலைல ஓடுறா, பெங்களூர்ல. அப்பா தவறின வருஷம் ஆரம்பிச்சா. இப்ப பத்துக் கிலோமீட்டர் போறாளாம். போட்டோ அனுப்புவா, முகம் சிவந்து, முடியெல்லாம் ஒட்டிக்கிட்டு. அவ்வளவு சந்தோஷமா இருக்கா. ஏழு மணிக்கு, "வந்துட்டேன்"னு ஒரு மெசேஜ் வரும். அதுவரைக்கும் நான் உசிரைக் கைல பிடிச்சுக்கிட்டு இருப்பேன். அவகிட்டயும் ஒரு சத்தியம் வாங்கிரலாம்னுதான் பார்க்கிறேன். யாரு தலைல வாங்குறது?

பொய் சொல்லி வாங்குன சத்தியம் பலிக்குமா பலிக்காதான்னு சிவன் கோயில் குருக்கள்கிட்ட யாருக்கோ கேக்குற மாதிரி கேட்டேன். அவரு பரிகாரம் பண்ணிக்கச் சொன்னாரு. பண்ணேன். அன்னைக்கும் கேட்டுச்சு.

சரி, என் கதை போகட்டும். உன் வீட்டுக்காரருக்கு என்னன்னு சொல்றாங்க? அந்தக் கவர்ல இருக்கறதுதான் ரிப்போர்ட்டா? நேத்தே வந்துருச்சா? டாக்டர் என்ன சொன்னாரு?

ஏன் தலையைக் குனிஞ்சுக்கிற? அழாத. அழாம சொல்லு.

தண்ணி சத்து கொறைஞ்சதுனால வந்த மயக்கமா? பத்து நாள் ஓய்வு எடுத்துட்டு ஆடலாம்னு சொல்லிட்டாரா? சரி. இதை அவருகிட்ட... இன்னும் சொல்லலியா. ஓகோ. அவரு கேட்டதுக்கு என்ன சொல்லி வெச்சிருக்க? காலைல சொல்றேன்னு சொல்லியிருக்கியா. பையனையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கியா? எதுக்கு? ஒன்பது வயசுப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரில என்ன வேலை? கோமதி சொன்னாளா, அப்படிப் பண்ணுன்னு?

அவ எதுக்குச் சொல்றா. எல்லாத்தையும் நான்தானே ஊருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்.

ஒண்ணு சொல்லட்டுமா? பிள்ளை தலை வேணாம். சத்தியம் வாங்கித்தான் ஆகணும்னா உன் தலைல கை வெச்சு வாங்கு. "நான் வேணுமா, ஆட்டம் வேணுமா"ன்னு நேரா கேளு. நான் கேக்கல. அன்னைக்குக் கற்பூரம் ஏத்துறப்பவே நினைச்சேன், என் தலையைக் காட்டலாமான்னு. ஒருவேளை கையை எடுத்துட்டாருன்னா? ஒரு நிமிஷம் யோசிச்சாருன்னாகூட என்னால தாங்க முடியாது. அதான் பொண்ணைக் கூப்பிட்டேன். இந்துவுக்கு நான் சொல்லாத பதில் இதுதான். இன்னைக்குத்தான் வாயைத் திறந்து சொல்றேன்.

ஏழு வருஷம் தெரிஞ்சும் வாயைத் திறக்காம இருந்தாரே, அது பொண்ணு தலைக்காக இருந்தாரா, எனக்காக இருந்தாரா? முட்டி வலின்னு டாக்டர்கிட்ட சொன்னாரே, அது யாருக்காகச் சொன்னாரு? உருண்டு போன தேங்காயைப் போயி எடுத்துட்டு வந்தாரே. நீ சொல்லு. நீ வெளியாளு, உனக்குத் தெரியும். எனக்குத் தெரிய மாட்டேங்குது.

சரி, விடு. மணி ஆச்சு, அவரு முழிச்சிருப்பாரு. மூஞ்சியைக் கழுவிக்க. நேராப் போயி அந்தக் கவரை அவரு கைலயே குடுத்துரு. நீ படிச்சுச் சொல்லாத, அவரே படிக்கட்டும். பையனை வீட்டுக்கு அனுப்பிரு.

இன்னொண்ணு. சென்டர் வீட்டம்மா சொல்லித்தான் கவரைக் குடுத்தேன்னு யார்கிட்டயும் சொல்லிராத. புருஷனைக் காப்பாத்துனவன்னு இந்த ஊர்ல எனக்கு ஒரு பேரு இருக்கு.